மழைப் படங்கள் தெருவுக்குப் புரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் வண்ணப் படங்கள் வரத் தொடங்கிவிடும். புயல் எங்கே, மழை எத்தனை சென்டிமீட்டர், ஏரி எத்தனை அடி என்று அம்புகளும் கட்டங்களும் வட்டங்களும் நிறைந்திருக்கும். அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகு கட்டுகிறவரும் புதுச்சேரிப் பாகூரில் நடவு முடித்த விவசாயியும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நமக்கு என்ன?" என்று கேட்டால் பல படங்களில் பதில் கிடைப்பதில்லை. இந்த மழைக்காலத்துக்கு முன் அதைச் சரிசெய்ய முடியும். எங்கே, எப்படி என்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் ஊரிலேயே ஒரு நல்ல விளக்கப்படம் நெடுங்காலமாக இருக்கிறது. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டுதான் அது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எழுத்துத் தெரியாதவரும் கடற்கரையில் நின்றபடியே படித்துக்கொள்ளலாம். நாளிதழ்களிலோ "கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் 5ஆம் எண் கூண்டு ஏற்றம்" என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்றுதான் வாசகர் புரிந்துகொள்கிறார். அது முழு உண்மை இல்லை. 5, 6, 7 ஆகிய மூன்றும் புயலின் பலத்தில் ஒரே படிதான், சொல்வது திசையை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்கும் என்றால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் 11.

இதைப் படமாகப் போட்டால் எவ்வளவு விஷயம் வெளிவருகிறது பாருங்கள். வங்கக் கடலில் மேற்கு நோக்கி வருகிற புயல் கடலூருக்குத் தெற்கே கரை கடந்தால், கடலூர் அதன் வலப்புறத்தில் இருக்கும். நம் அரைக்கோளத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அந்த வலப்புறத்தில்தான் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். கடல்நீரை ஊருக்குள் தள்ளுவது அந்தக் காற்றுதான். புயல் வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். ஆக 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு கடற்கரைக் குடியிருப்புகளுக்குப் பெரிய வேறுபாடு. கரைக்கோடு ஒன்று, துறைமுகத்துக்கு ஒரு புள்ளி, புயல் பாதைக்கு ஓர் அம்பு, காற்றுக்கு நாலு சிறு அம்புகள். நாளிதழின் இரண்டு பத்தி அகலத்தில் அடங்கிவிடும் படம் இது.

அடுத்தது புயல் பாதைக் கூம்பு. புயல் இப்போது இருக்கும் இடத்தில் ஒடுங்கித் தொடங்கி, கரையை நோக்கி வர வர விரிகிற அந்த வடிவத்தைப் பெரும்பாலோர் புயலின் உடம்பு என்றே எண்ணுகிறார்கள். கரைக்கு வரும்போது புயல் பெரிதாகிறது, கூம்புக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று கணக்குப் போடுகிறார்கள். இரண்டும் தவறு. புயலின் மையப்புள்ளி எங்கெல்லாம் போகக்கூடும் என்பதை மட்டும்தான் கூம்பு காட்டுகிறது. முந்தைய ஆண்டுகளில் கணிப்பு எவ்வளவு தூரம் பிசகியது என்ற கணக்கிலிருந்து அதன் அகலம் வருகிறது. நாள் தள்ளிப்போகப் போகப் பிசகு கூடும், அதனால் கூம்பு விரிகிறது. அமெரிக்க தேசியப் புயல் மையம் வரைகிற கூம்பு, மூன்றில் இரண்டு பங்கு நேரம் மையம் உள்ளே அடங்கும் அளவுக்கு அமைக்கப்படுகிறது. மீதி ஒரு பங்கு நேரம் மையமே வெளியே போகலாம் என்று பொருள். மழையும் காற்றும் அதைவிட எத்தனையோ தூரம் பரவும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன.

கூம்பைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது மூன்று காரியம் செய்தால் போதும். நடுவில் ஓடுகிற அழுத்தமான கோட்டை எடுத்துவிடுங்கள். கோடு இருந்தால் கண் அதையே பிடித்துக்கொண்டு, "கோடு மரக்காணம் போகுது, நமக்கு இல்ல" என்று முடிவு கட்டிவிடும். பலத்த காற்று வீசும் பரப்பை வேறு நிறத்தில் தனியாகக் காட்டுங்கள். "மையம் இதற்குள் எங்கும் கரை கடக்கலாம்; மழையும் காற்றும் இதற்கு வெளியேயும் இருக்கும்" என்ற வாக்கியத்தைக் கூம்பின் உள்ளேயே அச்சிடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எவ்வளவு நன்றாக வரைந்தாலும் கூம்பால் சொல்ல முடியாத ஆபத்து ஒன்று உண்டு. 2024இல் அதைத்தான் கண்டோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.-ஐத் தாண்டி மழை கொட்டியது. புயல் போய்விட்டது, படமும் பக்கத்திலிருந்து போய்விட்டது. டிசம்பர் 2 அதிகாலை திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அதன் பிறகுதான் கடலூரின் ஆற்றோர ஊர்களும் பாகூர் பக்கமும் மூழ்கின. வானத்தைக் காட்டும் படங்கள் நிறைய இருந்தன. அந்த நேரத்துக்குத் தேவைப்பட்டது ஆற்றைக் காட்டும் படம்.

முதலில் 1.68 லட்சம் கன அடி என்பதை எடுத்துக்கொள்வோம். பொறியாளருக்கு அது அளவு, வீட்டில் இருப்பவருக்கு அது வெறும் பெரிய எண். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆகவே விநாடிக்கு ஏறக்குறைய 47.5 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 400 லாரித் தண்ணீர். இதுவும் மலைப்பைத்தான் தரும். கடலூர் மாவட்டத்துக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கையிலேயே இருக்கிறது: வீராணம் ஏரி. அதன் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 1.68 லட்சம் கன அடி வேகத்தில் ஒரு மணி நேரத்தில் வருவது 605 மில்லியன் கன அடி. காலியாகக் கிடக்கும் வீராணத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும் தண்ணீர்! சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் பேருந்தில் அந்த ஏரியின் நீளத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நொடியில் உறைக்கும். ஊர் அறிந்த அளவில் பேசினால்தான் எண்ணுக்கு உருவம் வரும். வெளிநாட்டு நீச்சல் குளத்தோடு ஒப்பிட்டு எழுதினால் அறியாத ஒன்றுக்கு அறியாத இன்னொன்றைக் காட்டுவதாகத்தான் முடியும்.

இனி அந்த ஆற்றுப் படம். நிலவரைபடத்தில் ஆற்றின் வளைவு நெளிவையெல்லாம் வரைந்தால் இடம் போதாது, ஊர்ப் பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். பேருந்தில் வழித்தடத்தை நேர்க்கோடாகப் போட்டு நிறுத்தங்களைப் புள்ளியாகக் காட்டுவார்களே, அந்த முறைதான் இதற்குச் சரி. தென்பெண்ணை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவதால் இடப்பக்கம் சாத்தனூரும் வலப்பக்கம் கடலுமாக ஒரு கோடு. நடுவில் திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர், கடலூர் என்று நிறுத்தங்கள். வடகரை ஊர்கள் கோட்டுக்கு மேலே: குருவிநத்தம், சோரியாங்குப்பம் போன்ற பாகூர்ப் பகுதி ஊர்கள். தென்கரை ஊர்கள் கீழே. இவ்வளவையும் புயல் வருவதற்கு முன்பே, வெயில் காலத்திலேயே வரைந்து வைத்துக்கொள்ள முடியும். வெள்ளம் வரும் நாளில் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

கோட்டின் தடிமன்தான் இதில் பேச வேண்டியது. 1869இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார், நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பை ஒரு பட்டையாக வரைந்தார். பத்தாயிரம் வீரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன். 4,22,000 பேரோடு அகலமாகக் கிளம்பும் பட்டை, 10,000 பேரோடு நூலாகத் திரும்பி வருகிறது. பக்கம் பக்கமாக எழுதினாலும் அந்தத் தாக்கம் வராது. ஆற்றுக்கும் அதையே செய்யலாம். 20,000 கன அடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் 1.68 லட்சம் கன அடிக்கு 8.4 மி.மீ. வரும், 13 செ.மீ. அகல மூன்று பத்திப் படத்தில் அழகாக உட்காரும். சாதாரண நாளின் சில நூறு கன அடி, நாளிதழ்த் தாளில் விழவே விழாத மெல்லிய கோடாகிவிடும். அதற்குப் புள்ளிக்கோடு போட்டு "சாதாரண ஓட்டம்" என்று எழுதிவிடுங்கள். அளவை அங்கே மட்டும் ஏமாற்றித் தடிப்பாக்க வேண்டாம்.

ஒவ்வொரு நிறுத்தத்தின் கீழும் இரண்டு வரி மட்டும்: இப்போது எவ்வளவு வருகிறது, உச்சம் எப்போது வரும். உச்சத்தின் நேரத்தை நீர்வளத் துறைப் பொறியாளர்களிடம் கேட்டு "மாலை 4 முதல் 7 வரை" என்று இடைவெளியாகப் போட வேண்டும். ஒற்றை நேரம் போட்டால் 4 மணிக்கு வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் வீடு திரும்பிவிடுவார்கள். கடைசி நிறுத்தமான முகத்துவாரத்தில் அன்றைய கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்க்க வேண்டும். ஏற்றத்தின்போது ஆற்றுத் தண்ணீர் கடலில் வடியாமல் தேங்கி நிற்கும். கடைசி ஐந்தாறு கிலோமீட்டரில் இருப்பவர்களுக்கு அந்த நேரம் மிக முக்கியம்.

இந்தப் படத்தில் மாநில எல்லையைக் கத்தரிக்கோலாகப் பயன்படுத்தக் கூடாது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டுப் படத்தில் பாகூர் வெள்ளைத் தாளாகவும், புதுச்சேரிப் படத்தில் கடலூர் வெள்ளைத் தாளாகவும் வருவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். வெள்ளைத் தாளைப் பார்க்கும் கண் "அங்கே ஒன்றுமில்லை" என்றுதான் படிக்கும். இரண்டு அரசுகளின் அறிக்கைகளையும் வாங்கி ஒரே படத்தில் சேர்க்கும் வேலையை நாளிதழ்தான் செய்ய முடியும். தயவுசெய்து செய்யுங்கள்.

மழை அளவுக்கு வருவோம். "டிசம்பர் 1: 45 செ.மீ." என்று படம் போட்டால் அந்த மழை முழுவதும் டிசம்பர் 1 அன்று பெய்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. முடிகிற நாளின் தேதிதான் அதற்கு இடப்படுகிறது. அந்த மழையின் பெரும்பகுதி முந்தின நாள் பகலிலும் இரவிலும் பெய்திருக்கும். பட்டையின் அடியில் தேதிக்குப் பதிலாக "சனி காலை 8.30 முதல் ஞாயிறு காலை 8.30 வரை" என்று போட்டால் குழப்பமே இல்லை.

சென்டிமீட்டர் என்பதும் வாசகருக்குத் தொட்டுணர முடியாத ஒன்றாகவே இருக்கிறது. 1 சென்ட் மனையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 405 லிட்டர். 5 சென்ட் வீட்டு மனையில் 10 செ.மீ. பெய்தால் 20,000 லிட்டருக்கு மேல். மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டிகள் இருபது. அவ்வளவும் ஒரு மனையிலிருந்து தெருவுக்குப் போக வேண்டும். 45 செ.மீ. என்பதன் கனத்தைக் காட்ட அதன் பக்கத்தில் இன்னொரு பட்டை போதும்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்குத் தமிழ்நாட்டின் சராசரி மழையே ஏறத்தாழ 44 செ.மீ. இரண்டு பட்டையும் சமமாக நிற்கும். ஒன்றின் கீழே "மூன்று மாதம்", மற்றொன்றின் கீழே "ஒரு நாள்". வேறு விளக்கமே வேண்டாம்.

கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ., மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. செய்திகளில் இந்தச் சொற்கள் பட்டம் மாதிரி மாறி மாறி வருகின்றன. பெட்டியில் சிறு அளவுகோல் ஒன்றை நிரந்தரமாக வைத்து, இன்றைய கணிப்பு எங்கே நிற்கிறது என்று ஒரு முக்கோணக் குறி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இதிலிருந்து வேறானவை. எவ்வளவு பெய்யும் என்பதோடு, அதனால் என்ன பாதிப்பு, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்துத்தான் அந்த நிறங்கள் தரப்படுகின்றன. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயல்படு. நிறத்தின் பெயரைவிட இந்த வினைச்சொல்லைப் பெரிதாக அச்சிடுவது நல்லது.

ஏரி, அணைப் படங்களில் ஒரு தவறு வழக்கமாகவே நடக்கிறது. வீராணத்தின் முழு மட்டம் 47.5 அடி, சாத்தனூரின் முழு மட்டம் 119 அடி. அன்றைய மட்டத்தை ஒரு குவளை போல வரைந்து, அடிக்கணக்குக்கு ஏற்ப நீலம் நிரப்புகிறார்கள். ஏரி நேரான சுவர் உள்ள குவளை இல்லை. அடியில் குறுகி மேலே அகலும். கூம்பு வடிவப் பாத்திரத்தில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் உள்ளே இருப்பது பாதி அல்ல, எட்டில் ஒரு பங்கு. எந்த ஏரியும் சரியான கூம்பு கிடையாது என்றாலும் போக்கு அதுதான்: மேலே உள்ள ஓர் அடியில் அடங்கும் தண்ணீர், கீழே உள்ள ஓர் அடியில் அடங்குவதைவிடப் பல மடங்கு. வெயில் காலத்தில் இந்தப் படம் இருப்பை மிகைப்படுத்தும். மழைக்காலத்தில், "இன்னும் இரண்டு அடிதான் பாக்கி" என்பதில் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்பதை மறைக்கும். நீலம் நிரப்புவது கொள்ளளவின் கணக்கில் இருக்கட்டும். அடிக்கணக்கைப் பக்கத்தில் எண்ணாக எழுதிவிடலாம். வரத்து, வெளியேற்றம் இரண்டும் அருகருகே இரண்டு அம்பாக, ஒரே அளவுகோலில் வேண்டும். எந்த அம்பு தடித்தது என்று பார்த்தாலே ஏரி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

பட்டை, வட்டம் ஆகியவற்றைப் பற்றிச் சுருக்கமாக. 1984இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரு ஆய்வாளர்கள், மனிதக் கண் எதைத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளை நாம் நன்றாக ஒப்பிடுகிறோம். கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறோம். ஆகவே ஆறு ஊர்களின் மழையை வட்ட விளக்கப்படத்தில் துண்டு போடுவது சரியில்லை, அதைச் சாய்த்து முப்பரிமாணமாக்குவது இன்னும் மோசம். முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும். வட்டம் மொத்தத்தின் பங்கைக் காட்டத்தான், அதுவும் மூன்று நான்கு துண்டுக்குள். மழைத்துளிப் படத்தை இரட்டிப்பு உயரமாக்கி "இரு மடங்கு மழை" என்று போட்டால், அகலமும் சேர்ந்து இரட்டிப்பதால் கண்ணுக்கு நான்கு மடங்காகத் தெரியும். ஒரே அளவுத் துளியை இரண்டு தடவை போடுங்கள்.

பட்டைகள் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பிளஸ் டூ முடிவு வரும் நாளில் இந்த விதி அடிக்கடி உடைகிறது. ஒரு மாவட்டம் 92 சதவீதம், இன்னொன்று 96 என்று வைத்துக்கொள்வோம். அச்சு 90இல் தொடங்கினால் பட்டைகளின் உயரம் 2க்கு 6. ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு! 92 எடுத்த மாவட்டத்துப் பிள்ளைகளைக் காரணமே இல்லாமல் தலைகுனிய வைக்கும் படம் அது. நுண்ணிய வேறுபாட்டைக் காட்டியே தீர வேண்டுமென்றால் பட்டையை விட்டுவிட்டுப் புள்ளிகளைப் பயன்படுத்தலாம். ஆற்று மட்டம் மணிக்கு மணி ஏறுவதைக் காட்டும் கோட்டு வரைபடத்துக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே அபாய மட்டம் எங்கே என்ற கிடைக்கோடுதான் முக்கியம்.

சதவீதத்தில் இன்னொரு பொறி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர், காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாஹேயில் 41,816. காய்ச்சல் நோயாளிகளின் எண்ணிக்கையை அப்படியே நிறமாக்கினால் புதுச்சேரி என்றைக்கும் கருஞ்சிவப்பு, மாஹே என்றைக்கும் வெளிர். அது நோயின் படம் அல்ல, மக்கள்தொகையின் படம். லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும் மாஹேயில் 2 பேர் 4 பேராகும்போது "100 சதவீத உயர்வு" என்று அலறும். சிறிய எண்ணுக்குப் பக்கத்தில் நேர் எண்ணிக்கையை எப்போதும் போட்டுவிடுங்கள்.

படம் திரையில் ஒரு மாதிரி, தாளில் வேறு மாதிரி. நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பரப்பும். அச்சகத்தில் டாட் கெயின் என்பார்கள். கணினியில் 50 சதவீதமாக வைத்த சாம்பல், தாளில் ஏறத்தாழ 75 சதவீதமாக விழும். 20, 40, 60, 80 என்று நான்கு படியாக நிறம் கொடுத்தால் மேல் இரண்டு படியும் ஒன்றாகிவிடும். 10, 30, 65 என்று மூன்று படி கொடுத்தால் தெளிவாகப் பிரியும். சிறு எழுத்துகளைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நான்கு மையில் வைத்து, அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்தின் அளவு 10 புள்ளிக்குக் (பாயின்ட்) கீழே போனால் "ஞ்சு", "ணூ" போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுப் போகும். உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் வருகின்றன. ஆரஞ்சும் சிவப்பும் அங்கே ஒரே சாம்பல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலர் எப்போதும் இருக்கிறார்கள். எனவே ஒவ்வொரு நிறத்தோடும் ஒரு சொல்லோ கோட்டுக் கோலமோ துணையாக இருக்க வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு யோசனை: பட்டைகளைப் படுக்கவையுங்கள். "காட்டுமன்னார்கோவில்", "பரங்கிப்பேட்டை", "குறிஞ்சிப்பாடி" ஆகியவை நிற்கும் பட்டையின் கீழே அடங்காது. எழுத்தைச் சாய்ப்பார்கள், வாசகர் தலையைச் சாய்ப்பார். படுத்த பட்டைக்கு இடப்பக்கம் பெயர் நேராக உட்காரும். வரிசை அகர வரிசையாக வேண்டாம், அதிகம் பெய்த ஊர் மேலே இருக்கட்டும். மென்பொருள் 1,247,953 என்று காற்புள்ளி வைத்தால் 12,47,953 என்று மாற்றிவிடுங்கள். லட்சத்தில் எண்ணிப் பழகியவர் அந்த முதல் எண்ணில் தடுக்கி நிற்பார். மழைமானியின் அளவு வராத ஊருக்குப் பட்டை இல்லாமல் விட்டால் மழையே இல்லை என்று பொருள்படும். "அளவு வரவில்லை" என்று அந்த இடத்திலேயே எழுத வேண்டும்.

தேதியும் நேரமும் படத்தின் உள்ளே, தலைப்பை ஒட்டியே இருக்க வேண்டும். இன்று படம் தாளோடு நிற்பதில்லை. வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். தலைப்பும் குறிப்பும் வெட்டுப்பட்டுப்போய், போன ஆண்டின் சிவப்புப் படம் இந்த ஆண்டு "இப்போது வந்த செய்தி"யாகச் சுற்றுகிறது. "2.12.2024 காலை 6 மணி நிலவரம்" என்பது படத்தின் நடுப்பகுதியில், வெட்ட முடியாத இடத்தில் இருந்தால் இந்தக் கேடு பெருமளவு குறையும். தலைப்பு "தென்பெண்ணை நீர்வரத்து" என்று பெயராக நிற்காமல் "தென்பெண்ணை உச்ச வெள்ளம் இன்று மாலை கடலூர் வரும்" என்று செய்தியாக இருக்கட்டும். தலைப்பை மட்டும் படித்தவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையில் அசல் அளவில் அச்செடுத்து, அதை வரைவதில் சம்பந்தப்படாத மூன்று பேரிடம் பத்து விநாடி காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். காவலாளி, தேநீர் கொண்டுவருபவர், விளம்பரப் பிரிவில் இருப்பவர், யாராக இருந்தாலும் சரி. "புரிகிறதா?" என்று கேட்கக் கூடாது, மரியாதைக்காகப் புரிகிறது என்பார்கள். "சோரியாங்குப்பத்தில் இருப்பவர் எத்தனை மணிக்குள் கிளம்ப வேண்டும்?" என்று கேளுங்கள். மூவரில் இருவர் தவறாகச் சொன்னால் படத்தை மாற்றுங்கள். இரவுப் பதிப்பின் அவசரத்தில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது கடினம் என்பது தெரியும். எண்களை மட்டும் விட்டு வரைந்துவைத்த படத்தை, அதாவது வார்ப்பை, முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொண்டால் அன்றிரவு எண்களை மட்டும் சரிபார்த்தால் போதும்.

தென்பெண்ணைக்கு ஒன்று, கெடிலத்துக்கு ஒன்று, வெள்ளாறும் மணிமுத்தாறும் சேர்ந்து ஒன்று, பரவனாறு பெருமாள் ஏரிக்கு ஒன்று. ஆக நான்கு வார்ப்புகள். ஐப்பசிக்கு முன் இவை தங்கள் அலுவலகத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வரைந்த பின் பார்த்துச் சரிசெய்து தரச் சொன்னால் எங்கள் நேரத்தை மகிழ்ச்சியோடு தருவோம்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியரும் அச்சு வடிவமைப்பாளரும்,
மஞ்சக்குப்பம், கடலூர்.